மண்வெட்டிக்கு நான் வைத்த பெயர்

அந்தச் செய்தியை எழுதி முடிக்க எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டடத் திறப்பு விழா. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் ஒருவர் நன்றியுரை என்ற பெயரில் ஊரில் உள்ள எல்லாருடைய பெயரையும் வாசித்துக்கொண்டிருந்தார். கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் போனை வைத்து, கட்டைவிரலால் தட்டித் தட்டி எழுதி அனுப்பினேன். அனுப்பிவிட்டு அவர்கள் கொடுத்த சமோசாவையும் சாப்பிட்டேன். அந்தச் சமோசாவை நினைத்தால் இப்போதும் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அதோடு ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். கடை சோறு போடுகிறது, நிருபர் வேலை மரியாதை வாங்கித் தருகிறது என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறந்த ஊர் நெடுங்காட்டுக்கு மேற்கே, வாய்க்காலின் கடைசியில் இருக்கும் ஒரு கிராமம். மற்ற ஊர்கள் எல்லாம் நனைந்து மிச்சம் இருந்தால்தான் எங்கள் ஊருக்குத் தண்ணீர். அங்கே என் அண்ணன் ஐந்து மா நிலத்தில், ஒன்றரை ஏக்கர் சொச்சத்தில், நெல் போடுகிறார்.

காரைக்காலில் என்னைப் போலப் பகுதிநேர நிருபர்கள் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். ஐந்து பேருக்கும் ஐந்து பத்திரிகை. ஐந்து பேருக்கும் வேறு பிழைப்பும் உண்டு. ஒருவர் டியூஷன் நடத்துகிறார், ஒருவர் இன்சூரன்ஸ் பிடிக்கிறார். ஒரு விபத்துக்கும் ஒரு மறியலுக்கும் ஐந்து பேரும் ஓட முடியுமா? அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. கிழமை பிரித்துக்கொண்டோம். முறை வந்தவர் அன்றைய செய்தியை எழுதி வாட்ஸ்அப் குரூப்பில் போடவேண்டும். மற்ற நால்வரும் முதல் வரியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுத் தங்கள் பத்திரிகைக்கு அனுப்பிவிடுவார்கள். திருப்பிப் போடக்கூடச் சோம்பல்படுபவரும் எங்களில் உண்டு. ஊரில் வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பது போலத்தான் இதுவும். வெள்ளிக்கிழமை என் முறை.

எழுதி எழுதி எங்கள் கையில் சில வார்த்தைகள் தயாராக இருக்கும். கட்சிக்காரர்கள் ரோட்டை மறித்தால் தொண்டர்கள். கடைக்காரர்கள் மறித்தால் வணிகர்கள். கல்லூரிப் பிள்ளைகள் மறித்தால் மாணவர்கள். யார் என்று தெரியாதவர்கள் மறித்தால் கும்பல். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மறுநாள் போன் போட்டு என்னைத் திட்டக் கூடியவர்களுக்கெல்லாம் நான் நல்ல பெயராக வைத்தேன். என் நம்பர் தெரியாதவர்களைக் கும்பலில் சேர்த்தேன். இவ்வளவு பச்சையாக இதை அப்போது யோசித்துப் பார்த்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்குத் தெரிந்த போலீஸ்காரர் ஒருவர் போன் செய்தார்.

"மேடம், நெடுங்காடு தாண்டி மெயின் ரோட்டுல ஒரு நாப்பது பேரு ஒக்காந்துட்டாங்க. வாய்க்கா தண்ணி பிரச்சனை. அதிகாரி வந்த ஜீப்பு கண்ணாடி ஒடஞ்சிடுச்சு. டிரைவருக்கு நெத்தியில மூணு தையல். அவங்க கையில மண்வெட்டி, கடப்பாரை எல்லாம் இருந்துச்சு. கேஸ் போடப் போறோம், குறிச்சுக்கங்க."

"எந்த ஊருக்காரங்க சார்?"

"அந்தப் பக்கத்து ஊருங்கதான். பேரெல்லாம் இன்னும் எடுக்கல."

அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கூப்பிட்டால் அவர் மேட்டூரில் தண்ணீர் திறந்த நாளில் ஆரம்பித்து ஒவ்வொரு மதகாக இறங்கி வருவார். அவர் எங்கள் ஊருக்கு வந்து சேர அரை மணி நேரம் ஆகும். மூன்று மணிக்குள் செய்தி போக வேண்டும். கூப்பிடவில்லை.

நான் எழுதியது இது: "நெடுங்காடு அருகே, மண்வெட்டி, கடப்பாரை உள்ளிட்ட ஆயுதங்களுடன் திட்டமிட்டுத் திரண்ட கும்பல் ஒன்று, அரசு அதிகாரியின் ஜீப்பை வழிமறித்துத் தாக்கியதில் டிரைவர் காயமடைந்தார். இதனால் அப்பகுதியில் பெரும் பரபரப்பு நிலவியது."

போலீஸ்காரர் சொன்னது நாற்பது பேர். கும்பல் என்றது நான். அவர் சொன்னது மண்வெட்டி. ஆயுதம் என்றது நான். திட்டமிட்டு என்று அவர் சொல்லவே இல்லை. அந்த வார்த்தை வாக்கியத்துக்கு ஒரு முறுக்கு கொடுக்கும் என்று போட்டேன். மண்வெட்டியைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதன் பிடியில் கை வைத்தால் எந்த இடம் வழவழப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் எழுதினேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அண்ணியின் போன் வந்தது.

"பேப்பர் பாத்தியாம்மா? நம்மூரப் பத்திப் போட்டிருக்கான்."

"நம்ம ஊரா அண்ணி?"

"நம்மூருதான். ஒங்கண்ணனும் அங்கதான் ஒக்காந்திருந்தாங்க."

நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அண்ணி சொல்லிக்கொண்டே போனார்.

எங்கள் ஊரில் தண்ணீர் வருவதற்கு முன்னால் வாய்க்கால் வெட்டுவார்கள், தூர் வாருவதைத்தான் அப்படிச் சொல்வோம். வீட்டுக்கு ஓர் ஆள் போக வேண்டும். முதல் நாள் சாயங்காலம் மாரியம்மன் கோயில் மைக்கில் அறிவிப்பு வரும். குரல் நன்றாக இருக்கிறது என்று அந்த மைக்கைப் பல வருடமாக அண்ணன் கையில்தான் கொடுத்திருக்கிறார்கள். வியாழக்கிழமையும் அவர்தான் சொன்னாராம். "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வாய்க்கா வெட்டு. வூட்டுக்கு ஒரு ஆளு, மண்வெட்டியோட வாங்க. கடப்பாரை உள்ளவங்க அதையும் எடுத்துக்கிட்டு வாங்க."

வந்தார்கள், வெட்டினார்கள். பதினொரு மணிக்கு வேலை முடிந்தது. மேலே மதகு திறக்கவில்லை. நாற்றங்காலில் நாற்று நுனி கருகத் தொடங்கியிருந்தது. யாரோ ஒருவர், வாங்கடா ரோட்டுக்கு என்றார். வாய்க்காலிலிருந்து ஏறியவர்கள் கையில் இருந்ததோடு அப்படியே ரோட்டில் போய் உட்கார்ந்தார்கள். மண்வெட்டியை வைத்துவிட்டுப் போக வாய்க்கால் கரையில் பீரோவா இருக்கிறது? ஜீப் மெல்ல மெல்ல ஊர்ந்து அவர்களுக்குள் நுழையப் பார்த்தது. தள்ளுமுள்ளானது. யாருடைய தோளிலிருந்த மண்வெட்டிப் பிடியோ கண்ணாடியில் இடித்தது என்கிறார்கள். பின்னாலிருந்து கல் வந்தது என்றும் ஒருவர் சொன்னார். கண்ணாடி எப்படி உடைந்தது என்று இன்றுவரை யாருக்கும் சரியாகத் தெரியாது. அந்த டிரைவர் ரத்தத்தைத் துடைத்துக்கொள்ள எங்கள் ஊர்க்காரர் ஒருவர்தான் தன் துண்டைக் கொடுத்தாராம்.

"ஆயுதமாம்! திட்டம் போட்டுத் தெரண்டாங்களாம்!" என்றார் அண்ணி. "எழுதுன கட்டையில போறவன் எந்தக் கண்ணால பாத்தான்? அவன் கை வெளங்குமா?"

"ஆமாண்ணி" என்றேன்.

அந்த 'ஆமாம்' என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்று பிறகு பல நாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன். பத்திரிகையில் என் பெயர் வராது. 'நமது நிருபர்' என்று மட்டும்தான் வரும். அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் நான் நன்றாக ஒளிந்துகொண்டேன்.

ஐந்து பத்திரிகையிலும் அதே செய்தி வந்திருந்தது. ஒன்றில் தலைப்பில் 'பயங்கரம்' என்று சேர்த்திருந்தார்கள். ஒன்றில் 'அட்டூழியம்'. மத்தியானம் ஒரு டி.வி.யின் கீழ்வரியில் 'காரைக்காலில் கலவரம்' என்று ஓடியது. சாயங்காலம் பிரான்சிலிருந்து எங்கள் சித்தப்பா மகன் கூப்பிட்டு, "அக்கா, ஊரு எரியுதாமே, எல்லாரும் பத்திரமா இருக்கீங்களா?" என்று பதறினான். நான் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே ஒருவர் நிம்மதியாகக் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் இல்லடா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

வழக்கில் நான்கு பேருடைய பெயர் இருந்தது. அதற்குப் பிறகு 'மற்றும் பலர்' என்று இருந்தது. அண்ணன் பெயர் அந்த நான்கில் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது. வக்கீல் ஒருவர் விளக்கிச் சொன்னதும் வந்த உயிர் போயிற்று. 'மற்றும் பலர்' என்பதில் யாரை வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாமாம். இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த மாதம். அது திறந்தே கிடக்கும் கதவு.

திங்கட்கிழமை ஊருக்குள் போலீஸ் ஜீப் வந்தது. யாரையும் பிடிக்கவில்லை. கோயில் பக்கம் நிறுத்தி, மறியலுக்கு முதல் நாள் மைக்கில் பேசியது யார் என்று மட்டும் கேட்டார்களாம். தானாகச் சேர்ந்த கூட்டமா, யாராவது சேர்த்ததா என்று தெரிய வேண்டுமாம். பெண்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அன்று மத்தியானமே ஆண்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வசதி, இரண்டு மூன்று மைல் நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும். சாராயக் கடைகள் முடியும் இடத்தில் எங்கள் புதுச்சேரி எல்லை முடிகிறது என்று கேலி செய்வார்கள். வேறு போலீஸ், வேறு ஸ்டேஷன். தேடி வருவதற்குள் ஒரு நாள் இரண்டு நாள் கிடைக்கும். அண்ணன் அங்கே அண்ணியின் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த நாட்களில் நான் பயந்த மாதிரி வாழ்க்கையில் எப்போதும் பயந்ததில்லை. போன் அடித்தால் பயம். அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். அண்ணனைப் பிடித்துவிடுவார்களோ என்று ஒரு பயம். எழுதியது நான்தான் என்று அண்ணிக்குத் தெரிந்துவிடுமோ என்று இன்னொரு பயம். இரண்டில் எது பெரியது என்று என்னைக் கேட்டால், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, சில நேரம் இரண்டாவதுதான் பெரியதாக இருந்தது. அண்ணி தினமும் காலையில் போன் செய்து அழுவார். நாற்றங்காலுக்குக் குடத்தில் தண்ணீர் தூக்கி ஊற்றுவதாகச் சொல்வார். கடைசியில் தவறாமல் அந்த 'எழுதினவனை' நான்கு வார்த்தை திட்டிவிட்டுத்தான் வைப்பார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். செய்தியைத் திருத்தும் மேசையில் இருந்தவர் எடுத்தார். ஒரு திருத்தம் போட வேண்டும் சார் என்றேன்.

"என்ன திருத்தம்? போலீஸ் மறுத்தாங்களா?"

"இல்ல சார். அவங்க விவசாயிங்க. வாய்க்கா வெட்டப் போனவங்க. ஆயுதம்னு போட்டது தப்பு."

"நீங்க அனுப்புனதுதானம்மா? மத்த நாலு பேப்பர்லயும் இதேதான் வந்திருக்கு. அஞ்சு பேரு எழுதுனா தப்பா இருக்குமா?"

ஐந்து பேர் எழுதவில்லை, ஒருத்தி எழுதினாள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எங்கள் குரூப்பின் வண்டவாளம் வெளியே வரும், ஐந்து பேர் வேலையும் போகும். சரிங்க சார் என்று வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை கடை திறந்து கொஞ்ச நேரத்தில் ஒரு போலீஸ்காரர் வந்தார். எனக்குப் போன் செய்தவர் இல்லை, வேறு ஆள். கையில் ஒரு காகித உறை. அதிலிருந்து ஐந்து வெள்ளைத் தாள்களை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பத்திரிகைத் துண்டு ஒழுங்காக வெட்டி ஒட்டியிருந்தது.

"ரெண்டு செட் போடுங்க மேடம். கோர்ட்டுக்குப் போவுது."

முதல் தாளைக் கண்ணாடியில் கவிழ்த்து மூடியை இறக்கினேன். இயந்திரத்தின் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போயிற்று. என் வார்த்தைகள் சூடாக வெளியே வந்து விழுந்தன. ஆயுதங்களுடன். திட்டமிட்டு. கும்பல். இரண்டாவது தாள், மூன்றாவது தாள். ஐந்திலும் அதே மூன்று வார்த்தைகள்.

"அஞ்சு பேப்பர்காரனும் ஆயுதம்னேதான் போட்டிருக்கான், பாத்தீங்களா?" என்றார் அவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடி. "மைக்ல கூப்ட்ட ஆளு யாருன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். அவன்தான் தலைவன். மத்தவனுங்கள விட்டாலும் அவன விட மாட்டாங்க."

பிறகு சாதாரணமாகக் கேட்டார். "நீங்க நெடுங்காட்டுப் பக்கம்தானே மேடம்?"

"இல்ல சார். காரைக்கால்தான்."

பிறந்த ஊரை இல்லை என்று சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. தாள்களை அடுக்கி, ஓரம் சரி பார்த்து, ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அண்ணனுக்கு எதிரான சாட்சியை எழுதியதும் நான், பிரதி எடுத்துக் கொடுத்ததும் நான்.

முன்ஜாமீனுக்கு அண்ணியும் நானும் வக்கீலைப் பார்க்கப் போனோம். அவர் அதே ஐந்து துண்டுகளையும் மேசைமேல் பரப்பி வைத்திருந்தார்.

"இதாங்க சிக்கல். போலீஸ் சொல்றத மட்டும்னா நான் பேசிக்குவேன். அஞ்சு நிருபருங்க தனித்தனியாப் பாத்து ஒரே மாதிரி எழுதியிருக்காங்கன்னா ஜட்ஜு யோசிப்பாருல்ல?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பத்திரிகைல இருக்கீங்கல்ல. யாரு நேர்ல பாத்தது, யாரு எழுதுனதுன்னு விசாரிச்சுச் சொல்ல முடியுமா?"

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்புடியாவது கண்டுபுடிச்சிரும்மா. ஒன்னாலதான் முடியும்." அவர் உள்ளங்கை குடம் தூக்கித் தூக்கிக் காய்த்துப் போயிருந்தது. பார்க்கிறேன் அண்ணி என்றேன். அவரைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முறை வைத்து எழுதுவது, சமோசா, எதையும் விடவில்லை.

அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எல்லாத்தையும் சொல்ல வேண்டாம்" என்றார். "உங்க அண்ணன் அங்க இருந்தது தற்செயல், அவரு எந்தக் கூட்டத்தையும் சேர்க்கல, செய்தில சொல்றது அவரப் பத்தி இல்லைன்னு ஒரு நிருபரா நீங்க ஒரு பிரமாணப் பத்திரம் குடுத்தாப் போதும். எழுதுனது யாருங்கற பேச்சே வராது. உங்க வேலையும் நிக்கும், அண்ணனும் இந்தக் கேஸ்லேருந்து வெளில வந்துருவாரு."

எனக்கு அப்படியே நிம்மதியாக இருந்தது. தட்டச்சு செய்த தாளோடும், அண்ணன் கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களோடும் மறுநாள் காலை பஸ் ஏறினேன். சாராயக் கடைகள் முடிந்து எல்லைப் பலகை வந்தபோது, அண்ணனைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நினைத்தேன்.

அண்ணன் கொல்லையில், வைக்கோல் போருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முகச்சவரம் செய்யவில்லை. ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் போன சத்தத்துக்கு எழுந்தேவிட்டார். மைக்கில் ஊரையே கூப்பிடுகிற மனிதர் என்னிடம் கிசுகிசுவென்று பேசினார். "நாத்து என்னாச்சு?" என்பதுதான் முதல் கேள்வி. அவர் வேட்டியில் அழுக்கு ஏறியிருந்ததைப் பார்த்ததும் நான் ஒத்திகை பார்த்து வந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"அந்தச் செய்திய எழுதுனது நான்தாண்ணே."

அவருக்கு உடனே புரியவில்லை. "நீ அங்க வரவே இல்லியே?"

"வரல. போன்ல சொன்னாங்க, எழுதிட்டேன்."

"ஆயுதம்னா சொன்னாங்க?"

"மண்வெட்டின்னுதான் சொன்னாங்க."

அவர் கீழே கிடந்த ஒரு வைக்கோலை எடுத்து விரலில் சுற்றினார். பிரித்தார். மறுபடி சுற்றினார். அடித்துவிட மாட்டாரா என்று இருந்தது எனக்கு.

"நான் அங்க ஒக்காந்திருக்கேன்னு தெரிஞ்சிருந்தா என்னன்னு எழுதியிருப்ப?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "விவசாயிகள்னு எழுதியிருப்பேன்."

அவர் தலையை ஆட்டினார். கோபமே இல்லை அவர் குரலில். "மத்த முப்பத்தொம்பது பேருக்கும் பேப்பர்ல தங்கச்சி கெடையாது" என்றார்.

அவரை மட்டும் காப்பாற்றும் அந்தப் பிரமாணப் பத்திரத்தை அவரிடம் காட்டவே இல்லை. அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தேன். அவர் கையெழுத்துப் போட வேண்டிய மற்றக் காகிதங்களில் மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில், இனி என்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தேன். வேலை போகும், நான்கு பேர் பகை வரும், அண்ணிக்குத் தெரிந்துவிடும். எல்லாம் தெரிந்துதான் வக்கீல் அலுவலகப் படி ஏறினேன்.

புதிய பிரமாணப் பத்திரத்தை நானே என் கடையில் தட்டச்சு செய்தேன். ஐந்து பத்திரிகையிலும் வந்தது ஒரே ஆள் எழுதிய ஒரே செய்தி, அந்த ஆள் நான்தான். சம்பவ இடத்துக்கு நான் போகவில்லை. கும்பல், ஆயுதம், திட்டமிட்டு என்ற மூன்றும் எனக்கு யாரும் சொன்னவை அல்ல, நானாகப் போட்டவை. அங்கே இருந்தவர்கள் வாய்க்கால் வெட்ட வந்தவர்கள், வீட்டுக்கு ஒருவர். அவர்கள் கையில் இருந்தது மண்வெட்டி. இவ்வளவுதான் எழுதினேன். வக்கீல் இரண்டு முறை படித்துவிட்டு, "யோசிச்சுக்கிட்டீங்கல்ல?" என்றார். பயத்தைத் தவிர வேறு ஒன்றும் என்னிடம் இல்லை, கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஒரு வாரத்தில் பத்திரிகையிலிருந்து, இனிச் செய்தி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். குரூப்பிலிருந்து என்னை நீக்கினார்கள். இன்சூரன்ஸ்காரர் மட்டும் போன் செய்து, "நீங்க ஒருத்திதான் யோக்கியமா? எங்களயும் சேத்து ஏன் தெருவுல இழுத்து விட்டீங்க?" என்று கத்தினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. முன்ஜாமீன் எல்லாருக்கும் கிடைத்தது. என் தாளால்தான் கிடைத்ததா என்று தெரியாது, யாரும் அப்படிச் சொல்லவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தா தேதி வரும்போதெல்லாம் எங்கள் ஊரில் யாருக்கும் சோறு இறங்குவதில்லை. 'மற்றும் பலர்' இன்னும் அந்தக் காகிதத்தில் இருக்கிறது.

அண்ணியிடம் அண்ணனே சொல்லிவிட்டார். அண்ணி காலையில் போன் செய்வதை நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வருடம் தண்ணீர் வரும் நேரத்தில் நான் ஊருக்குப் போனேன். அண்ணன்தான், வந்துட்டுப் போ என்று கூப்பிட்டிருந்தார். சாயங்காலம் அண்ணி டீ கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் சர்க்கரை எனக்குப் பிடித்த அளவில் இருந்தது. நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது கோயில் பக்கத்திலிருந்து மைக் கரகரத்தது. அண்ணனின் குரல். வழக்கமாக ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். அன்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வாய்க்கா வெட்டு. வூட்டுக்கு ஒரு ஆளு. யாரும் கையில எதுவும் எடுத்துக்கிட்டு வர வேண்டாம். வெறுங்கையோட வாங்க."

மறுநாள் காலை வாசலில் நின்று பார்த்தேன். முதலில் ஒரு டிராக்டர் போனது. அதன் பெட்டியில் சாக்குப் போட்டு மூடியிருந்தது. மேட்டில் ஏறி இறங்கியபோது சாக்குக்கு அடியில் இரும்பும் இரும்பும் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. டிராக்டருக்குப் பின்னால் ஆட்கள் இரண்டிரண்டு பேராக, தள்ளித் தள்ளி நடந்து போனார்கள். ஐந்து பேர் சேர்ந்தாலே சட்டவிரோதக் கூட்டம் என்று வழக்குப் போடலாம் என்பதால், நான்கு பேருக்குமேல் சேர்ந்து போக வேண்டாம் என்று அவர்களாகவே பேசி வைத்திருந்தார்களாம். எல்லாரும் கைகளை முன்னால் வைத்துக்கொண்டு, ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும்படி நடந்தார்கள்.